மாசாணம் நின்ற உயரம்

ஜெயக்கொடிக்கு ஒரு பால்கனி வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குடியிருந்ததெல்லாம் காம்பவுண்டு வீடுகள். நடைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனம், கடைசியில் பொதுக்குழாய், அதற்கப்புறம் சுவர், அவ்வளவுதான் உலகம். தெருவில் சப்பரம் போனால் மேளச் சத்தம் மட்டும் அவளிடம் வந்து சேரும். தையல் மெஷினிலிருந்து துணியை உருவிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நடையைக் கடந்து அவள் வாசலுக்கு ஓடிவருவதற்குள் சப்பரம் முக்குத் திரும்பியிருக்கும், பின்னால் போகிற ஜெனரேட்டர் வண்டியின் புகை மட்டும் மிச்சமிருக்கும். அப்படிப் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஏதோ ஒரு வருஷத்தில்தான், சொந்தமாக வீடு என்று ஒன்று கட்டினால் மாடியில் தெருவைப் பார்த்து நிற்க ஓர் இடம் வைத்துவிட வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிந்துவைத்தாள்.

சாத்தூருக்குத் தெற்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி, பருத்தி விளைந்த கரிசல் காட்டை மனை மனையாகப் பிரித்து முத்தையா நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கேதான் அவள் வீடு எழும்பியது. புருஷன் தனுஷ்கோடி லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் ஒரு பருவம் முடிந்துதான் திரும்புவான் என்பதால், செங்கல் வந்து இறங்கியதிலிருந்து எதை எங்கே வைப்பது என்பது வரைக்கும் சொல்கிறவள் ஜெயக்கொடிதான்.

வீட்டு முகப்புக்கு நேராக, தெருவோரமாக மூன்று கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. கம்பத்திலிருந்து வீடுகளுக்குப் பிரிகிற சின்ன லைன் இல்லை அது. துணை மின்நிலையத்தில் கிளம்பி ஊருக்கே கரண்ட் கொண்டுபோகிற பெரிய லைன். பருத்திக் காடாக இருந்த காலத்திலேயே அது அங்கே இருந்தது. வீடுதான் அதனிடத்துக்குப் போனதே தவிர, அது வீட்டைத் தேடி வரவில்லை.

மாடிக்கு சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன்னால் கொத்தனார் சீனிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னார்:

"தாயி, சுவர் இப்ப நிக்கிற எடத்துல நின்னா லைனுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல. பால்கனின்னு மூணடி வெளிய இழுத்தோம்னா, வேலை செய்றவன் கைக்கு லைன் ரொம்பப் பக்கத்துல வந்துரும். ஈ.பி. ஆபீசுல எழுதிக் குடுத்தா தேதி போட்டு லைனை நிப்பாட்டித் தருவாங்க. இல்லைன்னா லைனையே தள்ளிப் போடச் சொல்லிக் கேக்கலாம்."

"அதுக்கு எத்தனை நாளாகும் அண்ணாச்சி?"

"அவங்க வந்து பாக்கணும். கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்."

புரட்டாசி முடிகிற சமயம். கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி மேகத்தைப் பார்த்தாள், கம்பிகளைப் பார்த்தாள், சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த அந்த மூன்றடியைப் பார்த்தாள்.

"மழை வந்துரும். அதெல்லாம் வேண்டாம், நீங்க பாத்துச் செய்யுங்க," என்றாள்.

கொத்தனார் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார். அவர் மாடிக்குப் போய்க் கம்பி கட்டுகிற ஆட்களிடம் அதையேதான் சொன்னார்: லைன் இருக்கு, பாத்துச் செய்யுங்கப்பா.

கம்பி கட்டுகிறவர்களில் மாசாணம் என்பவன் கை சுத்தமானவன் என்று பேர் வாங்கியவன், பெண்சாதி பூரணமும் பள்ளிக்கூடம் போகிற மகள் கோமுவும் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார்கள். புதன்கிழமை காலை, ஜெயக்கொடி ஆட்களுக்கு டீ வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஓர் ஆள் நீளக் கம்பி ஒன்றைச் செங்குத்தாகத் தூக்கிக் கொடுக்க, மாடி விளிம்பில் குனிந்திருந்த மாசாணம் அதை வாங்கி, படுக்கப்போட வசதியாக ஒரு சுழற்றுச் சுழற்றினான். கம்பியின் மேல்நுனி லைனைத் தொட்டது. புதுத் துணியை நீளவாக்கில் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம்தான் ஜெயக்கொடிக்குக் கேட்டது. கையிலிருந்த கம்பி ஊதுவத்திச் சாம்பல்போல உதிர்ந்து மணலில் விழுந்தது. மாசாணம் விழவில்லை. யாரோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியதுபோல் பலகையை விட்டு மேலெழும்பி, பால்கனி வரவேண்டிய இடத்துக்கு வெளியே, கம்பிகளுக்குச் சற்றுக் கீழே, ஒன்றுமில்லாத காற்றில் நின்றுவிட்டான். அவன் தலைமுடி மட்டும் ஒவ்வொன்றாகக் குத்திட்டு லைனைப் பார்த்து நின்றது.

வேலை நின்றது. சித்தாள்கள் சாந்துச் சட்டியை இறக்கி வைத்தார்கள். சீனிச்சாமிதான் முதலில் பேசினார்.

"ஏ மாசாணம், உசுரு இருக்காய்யா?"

"இருக்கு கொத்தனாரே," என்றான் மாசாணம். "காலுக்கடியிலதான் ஒண்ணும் இல்ல."

லைன்மேன் ராசாமணி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். யாரும் கிட்டே போகக் கூடாது, கம்பு கழி நீட்டக் கூடாது என்று எல்லோரையும் தெருவின் அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஆபீசுக்கு போன் போட்டு லைனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். அந்த நொடியே மாசாணத்தின் தலை தொங்கியது. நிறம் சிமெண்டாக மாறியது. மூச்சு இல்லை. வேப்பிலை உதிர்வதுபோல மெள்ள மெள்ளக் கீழே இறங்க ஆரம்பித்தான். "போடச் சொல்லுங்கய்யா, போடச் சொல்லுங்க!" என்று சீனிச்சாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்த, ராசாமணி போனில் கத்த, லைன் திரும்ப உயிர் பெற்றது. மாசாணம் பழைய உயரத்துக்குப் போய் நின்று கண்ணைத் திறந்து, "அசந்துட்டேன் போல. யாரு எழுப்புனது?" என்று கேட்டான்.

அதற்குமேல் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லைனில் கரண்ட் ஓடுகிற வரைக்கும் மாசாணம் இருப்பான், நின்றால் போய்விடுவான். மத்தியானம் உதவிப் பொறியாளர் அம்மா ஜீப்பில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். இந்தப் பாதையில் கரண்ட் நிற்காமலிருக்க இரண்டு பக்கமிருந்தும் சப்ளை கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்றாள். மாடியில் எதுவரைக்கும் ஆள் போகலாம் என்று தானே ஏறிப் பார்த்து ஒரு சிவப்புக் கயிறு கட்டவைத்தாள். சாப்பாடு கொடுக்க, லைன் வேலைக்கு வைத்திருக்கிற, கரண்ட் பாயாத ஃபைபர் கழி ஒன்றை விட்டுப் போனாள். இறங்கும்போது ஜெயக்கொடியைப் பார்த்து, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஜெயக்கொடிக்குக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பூரணம் சாயங்கால பஸ்ஸில் மகளோடு வந்து இறங்கினாள். மண்ணில் புரண்டு அழுவாள் என்று தெரு எதிர்பார்த்து நின்றது. அவள் கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. பசிக்கல."

"பசிக்காட்டா விட்ருவேனா?" என்று ஜெயக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். "அடுப்பு எங்கக்கா இருக்கு?"

அன்றிலிருந்து பூரணமும் கோமுவும் அந்தப் பூச்சுப் பூசாத வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஜெயக்கொடியும் காம்பவுண்டைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டாள். கோமுவை அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தினமும் சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கழி நுனியில் கட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பூரணம் நீட்டுவாள்; அவன் வாங்கித் தின்றுவிட்டு, ரசத்தில் உப்புக் கூடியிருக்கிறது என்றோ கூடவில்லை என்றோ சொல்வான்.

முத்தையா நகர் அவனுக்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். சில பெண்கள் கற்பூரத்தட்டோடு வந்து கீழே மணலில் ஏற்றப்போனார்கள். பூரணம் மாடியிலிருந்து இறங்கிவந்து தட்டைத் தட்டிவிடாத குறையாக, "அவரு சாமியில்லம்மா, கூலி வேலைக்குப் போன மனுசன், போங்க," என்று அனுப்பினாள். பிறகு அனுதாபம் தெரிவித்து ஃப்ளெக்ஸ் வைக்க ஒரு கூட்டம் இரும்புச் சட்டத்தோடு வந்தது, அவன் படத்தையே பெரிதாகப் போட்டு, அவன் தொங்குகிற அதே லைனுக்குக் கீழே அந்தச் சட்டத்தை அவர்கள் நிமிர்த்தப் போக, "ஏய், படுக்கப் போடு, படுக்கப் போடுடா!" என்று மாசாணம் தொண்டை கட்டும்வரை கத்தினான். அன்றைக்குத்தான் அவனிருக்கிற உயரத்தால் என்ன பயன் என்பது ஊருக்குப் புரிந்தது. ஏனென்றால் அங்கிருந்து முத்தையா நகர் முழுக்கத் தெரியும், கேட்டுக்கு அந்தப் பக்கம் எழும்புகிற வீடுகள்கூடத் தெரியும்; எந்த மாடியில் எவன் நீளக் கம்பியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறான், எந்தக் கான்கிரீட் வண்டி தன் நீண்ட கையை மடக்காமல் லைனுக்கடியில் நுழைகிறது, எவன் அலுமினிய ஏணியைத் தோளில் வைத்து அப்படியே திரும்புகிறான் என்பதெல்லாம் அவன் கண்ணில் பட்டுவிடும், கண்ணில் பட்டதுமே அவன் குரல் போய் அந்த ஆளின் கையைப் பிடித்துவிடும். அந்தக் குரல் காற்றில் போனதா, லைன் வழியாகப் போனதா என்று யாரும் விசாரிக்கவில்லை. தெற்குத் தெருவில் முத்துப்பேச்சியின் மகன், ஈரச் சாரத்தின்மேல் நின்று தகரக் குழாயைத் தூக்கியவன், "தம்பி, முதுகுக்குப் பின்னால பாரு," என்று காதோரம் கேட்டுத் திரும்பி, ஒரு முழ தூரத்தில் லைனைக் கண்டு, குழாயை அப்படியே கீழே போட்டு உட்கார்ந்து அழுதான்.

லாரிக்காரர்கள் வைக்கோல் பாரத்தோடு முக்கில் நின்று, "போகலாமாண்ணே?" என்று மேலே பார்த்துக் கேட்டார்கள். பட்டம் விடுகிற பிள்ளைகள் ரயில்வே மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கரண்டும் நிற்கவே இல்லை. மற்ற ஊர்களில் இடி இடித்தால் போய்விடும், மாதமொரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள். இங்கே ஐப்பசி மழை அடித்து ஊற்றியபோதும் விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. மாவு மில்லுக்காரர் ஜெனரேட்டரை விற்றுவிட்டார்.

ஜெயக்கொடி மட்டும் தன் தையல் மெஷினில் மாட்டியிருந்த மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி காலால் மிதிக்க ஆரம்பித்தாள். ஏனென்றால் மாசாணம் ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னான்: "ஒவ்வொரு வீட்டுல சுவிட்சு போடும்போதும் எனக்குத் தெரியும்க்கா. மிக்சின்னா எறும்பு கடிச்ச மாதிரி. தண்ணி மோட்டாருன்னா முட்டிக்குள்ள ஒரு உளைச்சல். நீங்க தைக்கிறப்ப முதுகுல ஊசி ஓடுற மாதிரி இருக்கும், பரவால்ல, தைங்க."

"தூங்குவியா தம்பி?"

"எங்க தூங்க? அத்தனை வீட்டு டி.வி.யும் எனக்குள்ளதான் ஓடுது."

அவன் நின்ற காற்றுக்கும் அவள் தைக்கிற ஜன்னலுக்கும் நடுவே அதிக தூரமில்லை. ஊருக்கு அவன் ஒரு காவல். அவளுக்கு அவன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை. காலையில் எழுந்ததும் அவள் முதலில் செய்கிற காரியம் ஜன்னலைத் திறந்து அவன் இருக்கிறானா என்று பார்ப்பது. கரண்ட் நின்றுவிடக் கூடாது என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அந்த வேண்டுதல் அவனுக்காக இல்லை, தனக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. அவன் அங்கே இருக்கிறவரை அவளால் ஒருவன் செத்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

கார்த்திகையில் ஒருநாள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த பூரணத்திடம் அவள் அதைச் சொல்லிவிட்டாள். கொத்தனார் சொன்னதையும், தான் மேகத்தைப் பார்த்ததையும், சொன்ன வார்த்தையையும் சொன்னாள். பூரணம் அரைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. வந்த அன்னைக்கே அவரு சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு இருக்க?"

"வேற எங்க இருந்து அவருக்கு ஊட்டுறது?" குழவியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேங்காயை வழித்தாள். "அன்னைக்குக் காலைல நானும் பாத்துப் போங்கன்னுதான் சொல்லி அனுப்பிச்சேன். கொத்தனாரும் அதைத்தான் சொன்னாரு. எல்லாரும் பாரு பாருன்னோம். யாரு பாக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லல."

அவள் அதில் மன்னித்தாளா, குற்றம் சொன்னாளா என்று ஜெயக்கொடிக்குப் பிடிபடவில்லை. கொத்தனார் சீனிச்சாமி வேறு வேலைக்குப் போகாமல் தினமும் வந்து தெருவின் எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். தனுஷ்கோடி வடக்கேயிருந்து திரும்பி வந்தவன், லாரியை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்துவந்து அண்ணாந்து பார்த்தான், உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான், மறுநாள் அடுத்த பாரத்துக்குக் கிளம்பிவிட்டான்.

தை பிறந்து கோமு பெரியவளானாள். சடங்கை எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை; அப்பன் பார்க்கிற இடத்தில்தான் வைக்க முடியும். பந்தல் போடக் கம்பம் ஊன்றக் கூடாது என்று மாசாணமே சொல்லிவிட்டதால் தெருவில் வெறும் வானத்தின் கீழேயே ஜமுக்காளம் விரித்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தான். முத்துப்பேச்சி குலவையிட்டாள். ஜெயக்கொடி தன் கையால் தைத்த பாவாடை தாவணியில் கோமு மணையில் உட்கார்ந்து, கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக அட்சதை போட்டார்கள். அப்பன் முறை வந்தபோது பூரணம் கிண்ணத்தில் அட்சதையை வைத்துக் கழியை நீட்டினாள். மாசாணம் இரண்டு கையாலும் அள்ளி, ஒருநிமிஷம் கண்ணை மூடப் பார்த்து, மூட முடியாமல், மகள் தலைக்கு நேராகத் தூவினான். மஞ்சள் அரிசி அவன் விரல்களை விட்டதும் காற்றிலேயே பொரிந்து, வெள்ளையாக, பூப்பூவாக, மெல்ல இறங்கி அவள் தலையிலும் மடியிலும் ஜமுக்காளத்திலும் விழுந்தது. சுடச்சுட இருந்தது. பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். கோமு ஒரு பொரியை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து மாசாணம் அழுதான். அவன் கண்ணீர் கன்னம்வரைக்கும்கூட வரவில்லை. கண்ணிலேயே ஆவியாகிப் போனது.

பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிற்பாடு, ஜெயக்கொடி மாடியில் எச்சில் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"யக்கா."

"என்ன தம்பி?"

"லைனை நிப்பாட்டச் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த தம்ளர் உருண்டு சிவப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் நின்றது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்ன பேச்சு இது? நல்ல நாளும் அதுவுமா."

"நல்ல நாளுதான். பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன். இதுக்கு மேல எனக்கு அசதிக்கா. கண்ணை ஒரு தரம் மூடுனா போதும்னு இருக்கு. காலை மண்ணுல வைக்கணும்."

"பூரணத்துக்கிட்ட சொன்னியா?"

"அவகிட்ட எப்படிக் கேப்பேன்? ஆபீசுல எழுதிக் குடுக்கிறது கட்டடத்துக்காரங்கதான்னு ராசாமணி சொன்னாரு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

"என்னால முடியாதுப்பா," என்றாள் ஜெயக்கொடி. அவள் குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. "இன்னும் கொஞ்ச நாள் இரு. ஏதாச்சும் ஒரு வழி பிறக்கும். பெரிய ஊருல இருந்து ஆளுங்களைக் கூட்டியாறேன்."

"நீங்க யாருக்காக இருக்கச் சொல்றீங்க?"

ஜெயக்கொடி அவனைப் பார்க்க மாட்டாமல் திரும்பினாள். மாடிப்படியில் ஈர முந்தானையோடு பூரணம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எழுதிக் குடுங்கக்கா," என்றாள் பூரணம். "எனக்காக இத்தனை நாளு நின்னுட்டாரு."

செய்தி அன்றைக்கே தெருத்தெருவாகப் போய், மறுநாள் காலை வீட்டு முன்னால் ஊர் கூடிவிட்டது. மாவு மில்லுக்காரர் கரண்ட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, மற்றவர்கள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் முத்துப்பேச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எம் பிள்ளை நாளைக்கும் சாரத்துல ஏறுவானே மாசாணம். நீ இல்லைன்னா அவனுக்கு யாருப்பா சொல்லுவா? உன்னால எத்தனை பேரு இன்னைக்கு வீடு திரும்பிக்கிட்டு இருக்கான். நீ கெடந்து வேதனைப்படணும்னா சொல்றேன்? வேற என்ன செய்யட்டும் நான்?"

அவள் கேட்டது தப்பென்று சொல்ல அங்கே யாருக்கும் மனசில்லை.

"யக்கா," என்றான் மாசாணம் மேலிருந்து. "நான் மேல நின்னு கத்துறேன். அதையே ஒருத்தன் கீழ நின்னு கத்தலாம். வேலை நடக்குற எடத்துல ஒரே ஒரு ஆளு, வேற எந்த வேலையும் தொடாம, லைனை மட்டும் பாத்துக்கிட்டு நின்னாப் போதும். கம்பியைப் படுக்க வச்சுத் தூக்கச் சொன்னாப் போதும். பக்கத்துல போகணும்னா லைனை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டாப் போதும். இதுக்கு ஒருத்தன் தொங்கணும்னு இல்ல."

முத்துப்பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்துக் கல்லிலிருந்து சீனிச்சாமி எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெயக்கொடி ஆபீசுக்குப் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்சதூரம்தான், நடந்தே போய்விடலாம். இவ்வளவு பக்கத்திலா இருந்தது. உதவிப் பொறியாளர் அம்மா நாற்காலி காட்டினாள். ஜெயக்கொடி உட்காராமல், "எங்க வீட்டுக்கு முன்னால லைனை நிறுத்தித் தரணும்," என்றாள். அதற்குமேல் காரணம் கேட்கப்படவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள், வெள்ளிக்கிழமை காலை என்று சொல்லி அனுப்பினார்கள். மொத்தமும் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்று அவள் வாய்விட்டு அழுதாள். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பூரணம் அவனுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்து ஊட்டினாள். கோமு பள்ளிக்கூடச் சட்டையோடேயே நின்றாள். யாரும் சொல்லாமலே ஊரில் எல்லோரும் மிக்சியும் டி.வி.யும் போடாமல் வைத்திருந்தார்கள், அன்று ஒருநாளாவது அவனுக்கு உள்ளே அமைதியாக இருக்கட்டும் என்று. "கொஞ்சம் லேசா இருக்கு," என்றான் அவன். பொறியாளர் அம்மா ஜீப்பருகே நின்றாள். ராசாமணி கைகளில் ரப்பர் உறையை மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஜெயக்கொடியிடம்.

ஜெயக்கொடி பூரணத்தைப் பார்த்தாள். பூரணம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"நிறுத்திருங்க."

லைன் அடங்கியது. இத்தனை காலமும் கேட்டுக்கொண்டேயிருந்து காதுக்குப் பழகிப்போன ஒரு ரீங்காரம் நின்றதும்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. மாசாணத்தின் தலைமுடி படிந்தது. முதல்தடவை நிறுத்தியபோது நடந்ததுபோல அவன் தலை தொங்கவில்லை, கண் திறந்தேயிருந்தது. வேப்பிலைபோல அவன் இறங்கினான், பால்கனிக் கம்பிகளைத் தாண்டி, ஜெயக்கொடி தைக்கிற ஜன்னலைத் தாண்டி, மெல்ல. ராசாமணி லைனில் மிச்சமிருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்க எர்த் போட்டுவிட்டுத் தலையசைத்த பிறகுதான் பூரணம் ஓடிப்போய்க் கைநீட்டினாள். அவன் பாதம் முதலில் அவள் கைக்கு வந்தது. பிறகு முட்டி, பிறகு இடுப்பு. தெருவோர மணல் குவியலில் அவன் காலை ஊன்றினான்.

"மணலு சுடுது," என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. கோமு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அப்படியே பூரணத்தின் மடியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெயக்கொடி அவர்களுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு பொறியாளர் அம்மா கிட்டே வந்து குனிந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிகளுக்கும் கரண்ட் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "போடலாமாம்மா?" என்று கேட்டாள். பூரணம் தலையாட்டினாள். ராசாமணி எர்த்தை எடுத்தார். லைனில் கரண்ட் திரும்பியது.

கரண்ட் நிற்பதே மறந்துபோன ஊர் அது. எந்தெந்த வீட்டிலோ அணைக்காமல் விட்ட விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன, ஒரு மோட்டார் தண்ணீர் ஏற்றத் தொடங்கியது, தெற்குத் தெருப் பக்கம், நடந்தது எதுவும் தெரியாத பொடிசுகள் நாலைந்து வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடிவந்து, எல்லா ஊரிலும் பிள்ளைகள் செய்வதுபோலவே, கைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தன: "ஏய், கரண்ட் வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!"

பூரணம் இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள்.

"கத்த வேண்டாம்னு சொல்லுங்கக்கா," என்றாள். "இப்பத்தான் கண்ணசந்தாரு."

ஜெயக்கொடி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலோடு, பிள்ளைகளிடம் போனாள். சொல்ல வாயைத் திறந்தாள். அவளைக் கண்டதும் அதில் சின்னது ஒன்று ஓடிவந்து, பெரிய சேதி கொண்டுவந்ததுபோல அவள் கையைப் பிடித்து ஆட்டி, "கரண்ட் வந்துருச்சு!" என்றது.

"ஆமா சாமி," என்றாள் ஜெயக்கொடி. "வந்துருச்சு."